தனித்துப் போன பாணன்



கணினி விளையாட்டைப் பற்றி இங்கே எழுதலாமா என்று பல நாள் தயங்கினோம். விளையாட்டு ஆகுமா ஆகாதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம் அல்லோம். நம் நாவு செய்த ஒரு பிழையை விளையாட்டொன்று நமக்குக் காட்டிக் கொடுத்தது. அதை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

நமது இல்லம் திருவள்ளூரில். பணியோ கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில். ஒரே மாவட்டம்தான். ஆயினும் இரயிலில் செல்வதானால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, வேறு தடத்து வண்டிக்கு மாறியாக வேண்டும். இரவு ஷிப்டுக்காரருக்கு அது தினமும் இயலாத காரியம். ஆகவே வார நாள்களில் தொழிற்பேட்டைக்கு அருகே ஒற்றை அறை. விடுமுறை நாளில் மட்டும் வீடு.

அந்த அறையின் தனிமைக்குத் துணையாக, தங்கை மகன் புதிதாக ஒன்று வாங்கியபின் தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்தான். அதில் 'பால்டர்ஸ் கேட் 3' என்ற விளையாட்டு இருந்தது. பெல்ஜியம் நாட்டு லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. வயது வந்தோருக்கானது, பிள்ளைகள் கையில் கொடுக்கத் தக்கதன்று என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறோம்.

யாராக உள்ளே நுழைவது என்பதை முதலில் நாமே முடிவு செய்ய வேண்டும். போர்வீரன், கள்வன், மந்திரவாதி என 12 வகையினர் உண்டு. அவர்களுள் மதகுருவாக வேண்டுமானால் ஒரு தெய்வத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கற்பனைதான் என்றாலும் விரல் அங்கே செல்லவில்லை. 'பார்ட்' என்றொரு வகை இருந்தது. நம் மொழியில் பாணன். யாழ் போன்றதொரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாளை விட வாயை நம்பித் திரிபவன்.

பள்ளியில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். தொண்டைமானின் படைக்கருவிகள் மாலை சூட்டி, நெய் பூசிப் புதியனவாய் இருப்பதையும், அதியமானின் கருவிகளோ ஓயாத போரில் நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடப்பதையும் சொன்னார். கேட்பதற்குப் புகழ், உள்ளே எச்சரிக்கை. நாம் வாழும் இந்த நிலம் அந்தத் தொண்டை நாட்டின் ஒரு பகுதி. நம் மார்க்கத்திலும் நற்சொல்லுக்கு இடம் உண்டு. கவிஞர்களின் பெயரைத் தாங்கிய 26ஆம் அத்தியாயம் வழிகெட்ட கவிஞரைக் கண்டித்துவிட்டு, ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரை விலக்கி வைக்கிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் நின்று பாடுவதற்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆகவே, பாணனையே தேர்ந்தெடுத்தோம்.

அவ்விளையாட்டில் வழக்கமாக நால்வர் கூட்டாகச் செல்வார்கள். நாமோ தோழர்களை முகாமிலேயே விட்டுவிட்டுத் தனியே கிளம்பினோம். நம் வாய் ஒன்றே போதும் என்ற எண்ணம். தொடக்கத்தில் அது பலிக்கவும் செய்தது. பாழடைந்த ஊர் ஒன்றில் காவல் நின்ற காப்லின் கூட்டத்தைப் பேச்சாலேயே கடந்தோம். அங்கே சொல்லின் வெற்றியை 20 முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும். பாணனின் நாவன்மை அந்த எண்ணுடன் கூடிக்கொள்ளும்.

பேச்சு எடுபடாத இடத்தில் சண்டை மூண்டது. அப்போதுதான் பாணனின் ஆற்றல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். அவற்றுள் தலையாயது ஊக்கம். தளர்ந்து நிற்கும் தோழனுக்குப் பாணன் ஒரு சொல் கொடுப்பான். அத்தோழனின் அடுத்த முயற்சிக்கு அது வலுச் சேர்க்கும். ஆனால் அந்த ஊக்கத்தைப் பாணன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. பிறருக்கு மட்டுமே கொடுக்கலாம். பிறர் என்று நம் அருகில் ஒருவரும் இல்லை.

எஞ்சியது இன்னொன்று: 'விசியஸ் மாக்கரி'. கொடுங்கேலி என்று சொல்லலாம். எதிரியை நோக்கி ஓர் ஏளனச் சொல் வீசினால் அவன் உள்ளம் காயப்படும். அடுத்து அவன் வீசும் அடி தடுமாறும். இங்கேதான் நாம் கணக்கொன்றைக் கவனித்தோம். ஊக்கத்துக்கு எண்ணிக்கை உண்டு. சில முறை கொடுத்தால் தீர்ந்துபோகும், ஓய்வெடுத்த பின்பே மீளும். கேலிக்கோ எண்ணிக்கையே இல்லை. எத்தனை முறையும் வீசலாம். துணையின்றிப் போன பாணனிடம் கடைசியில் மிஞ்சியது கேலி ஒன்றுதான். இரவெல்லாம் அதையே வீசிக்கொண்டிருந்தோம்.

ஃபஜ்ருக்கு ஒளூச் செய்யும்போது வாயில் நீர் விட்டுக் கொப்பளித்தோம். அந்தக் கணத்தில் 'வாளைப்பளம்' நினைவுக்கு வந்தார்.

அவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். ஒப்பந்தக்காரர் மூலம் நம் ஷிப்டில் ஹெல்பராகச் சேர்ந்திருந்தார். வந்த சில வாரங்களிலேயே தட்டுத்தடுமாறித் தமிழ் பேச முயன்றார். ஒரு நாள் தேநீர்க் கடையில் கை நீட்டி, "அண்ணா, ஒரு வாளைப்பளம்" என்றார். அருகில் நின்ற நாம் அதை அவர் குரலிலேயே திருப்பிச் சொன்னோம். கடை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாள் ஷெட்டில் அதுவே அவர் பெயராகிவிட்டது. தமிழ் பேசிப் பிறந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இன்றும் ழகரம் வருவதில்லை என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை. அதன்பின் அவர் தமிழ் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் கிரேனுக்குப் பின்னால் தனியே அமர்ந்தார். இவை அனைத்தையும் நாம் கண்ணால் கண்டோம். காரணம் நாம்தான் என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் மேலானவராக இருக்கக்கூடும், பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் நம்மைத் தடுக்கிறது. எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம்! அன்று தொழுகை விரிப்பில் அமர்ந்திருந்தபோது, சிறுவயது மதரஸாவும் நினைவுக்கு வந்தது. ஐன் எழுத்து நம் தொண்டையில் வர மறுத்த நாள்கள் அவை. ஹஜ்ரத் ஒரு நாளும் நகைத்ததில்லை. திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்ற நபிமொழியைச் சொல்லி, மீண்டும் ஓதச் செய்வார். நம் நாவுக்கு ஒருவர் காட்டிய பொறுமையை இன்னொருவரின் நாவுக்கு நாம் காட்டவில்லை.

மனிதருக்கு இழைத்த அநீதியை அந்த மனிதரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும். தீனாரும் திர்ஹமும் உதவாத நாள் வருமுன் தீர்க்க வேண்டும். அன்று மாலை ஷெட்டுக்குச் சென்றோம். பேச எண்ணியபோதுதான் அவருடைய பெயரே நமக்கு நினைவில் இல்லை என்று தெரிந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஷிப்டு இன்சார்ஜுக்கு இதைவிட வெட்கம் வேறு வேண்டுமோ?

கிரேனுக்குப் பின்னால் சென்று, பெயர் சொல்லி அழைத்தோம். திடுக்கிட்டு நிமிர்ந்தார். தவறு நம்முடையது, மன்னிக்க வேண்டும் என்றோம். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பரவாயில்ல பாய்" என்றார். மன்னித்தாரா, மேலாளிடம் வேறென்ன சொல்வது என்று சொன்னாரா? அல்லாஹ்வே அறிவான்.

அதோடு முடிந்துவிடவில்லை. மறுநாளும் மற்றவர்கள் பழைய பெயரிலேயே அழைத்தார்கள். நாம் எல்லோர் காதிலும் விழுமாறு அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லி வேலை கொடுத்தோம். அவர் சரியாகச் செய்ததை நால்வர் நடுவே சரி என்று சொன்னோம். ஒரு நொடியில் ஒட்டிய பட்டப்பெயரைப் பெயர்த்தெடுக்க மாதங்கள் ஆகின்றன. இன்றும் ஷெட்டின் மறுமூலையில் அது எப்போதாவது ஒலிக்கிறது. ஒலிக்கும்போதெல்லாம் அது நம் வாயிலிருந்து புறப்பட்டது என்று உணர்கிறோம். சென்ற வாரம் அவர் வேறொருவரிடம் தமிழில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டோம். அருகில் செல்லாமல் திரும்பிவிட்டோம். மனம் மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்றது.

அந்த விளையாட்டைத் தனியாகவே இறுதிவரை முடித்தவர்கள் உண்டு. நாம் முடிக்கவில்லை. முகாமுக்குத் திரும்பி மூவரை உடன் அழைத்துக்கொண்டோம். பிறகு அதைத் திறப்பதும் குறைந்துவிட்டது.

சிறுவயதில், ரமலான் இரவுகளில் தாயிரா தட்டிப் பாடிக்கொண்டு நம் தெருவில் வந்த ஸஹர் பாவா இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறார். இருட்டில் அவரும் தனியாகத்தான் நடந்தார். ஆனால் அந்தக் குரல் அவருக்காக அன்று. உறங்கும் ஒவ்வொரு வீட்டையும் எழுப்பி, நோன்புக்கு ஆயத்தம் செய்வதற்காக.

இன்று நம் வீட்டில், நம் பணியிடத்தில், நாம் சூட்டிய பெயரை யாரேனும் சுமந்துகொண்டிருக்கிறாரா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இருந்தால், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். அல்லாஹ் நம் நாவுகளைப் பிறரைத் தாழ்த்துவதிலிருந்து காத்து, பிறருக்கு வலுவூட்டும் நாவுகளாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.