புதுப்பேட்டையில் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர்

“பழசு கையில இருக்கா சார்?”

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிக்குப் பின் ஷாக் அப்சார்பர் கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான். பழையதைப் பார்க்காமல் கொடுத்தால், மறுநாளே மாற்றித் தரக் கேட்டு வந்து நிற்பார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

நான் போயிருந்த பகலில், எண்பதுகளின் புல்லட் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் தன் பழைய ஜோடியைச் சாக்குப் பையில் கொண்டுவந்திருந்தார். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த அந்த மாடல், பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் வெளிவந்தது. அதனால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. நல்ல பாகத்துக்குத்தான் பஞ்சம். பக்கவாட்டில் வாயுக் குப்பி வைத்த பளபளப்பான மலிவு ஜோடிமேல் அவருக்குக் கண். அந்த மாதிரி ஜோடிகள் பலவற்றில் குப்பி வெறும் அலங்காரம், உள்ளே வாயு இருக்காது என்று அங்கிருந்த மெக்கானிக் தடுத்துவிட்டார்.

பிறகு டேப்பை எடுத்தார். ஷாக்கை வண்டியில் மாட்டும் மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை அளந்தார். புஷ்ஷின் துளையையும் பார்த்துக்கொண்டார். நீளம் கூடினால் வண்டியின் பின்பக்கம் தூக்கி, வளைவில் முன்சக்கரம் நிதானம் இழக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் பின்சக்கரம் தரையைத் தொடும். குறைந்தால் பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசும்.

அடுத்துதான் உண்மையான சோதனை. ஸ்பிரிங்கைக் கிளாம்பில் அழுத்திக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை வேஸ்ட் துணியால் துடைத்து, ராடின்மேல் நகத்தை மெல்ல ஓட்டினார். ஒன்றில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. மற்றதில், துருப் புள்ளி ஒன்றில் சிக்கியது. அந்த ராடில் புதுச் சீல் போட்டாலும் சீக்கிரமே கிழிந்துவிடும். இரண்டையும் கையால் இழுத்தும் பார்த்தார்: நெடுகவும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். நடுவில் கை சட்டென்று வழுக்கினால் எண்ணெய் குறைந்துவிட்டது என்று பொருள்.

பலரும் ஸ்பிரிங்கையே பார்த்து ஷாக் வாங்குகிறார்கள். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். குதிப்பை அடக்குவது சிறு துளைகள் வழியே முட்டி மோதிப் போகும் எண்ணெய். எண்ணெய் போன ஷாக்குக்குக் கெட்டி ஸ்பிரிங் மாட்டினால் முதுகுதான் வலிக்கும்.

பழைய ஜோடியையே சரிசெய்வது என்று முடிவானது. லேத் பட்டறைக்காரர் ஷாக்கின் மூடிய தலைப்பகுதியைக் கடைந்து திறந்து, அடுத்த முறை சுலபமாகத் திறக்க மரை வெட்டினார். குழி விழுந்த ராடுக்குப் பதில் புது ராடு கடைந்து குரோம் முலாமுக்கு அனுப்பினார்கள். பழுது ஒன்றில்தான் என்றாலும், இரண்டுக்கும் புதுச் சீல், இரண்டுக்கும் ஒரே அளவு எண்ணெய். இரண்டு பக்கமும் வேறுவேறாக வேலை செய்தால் வண்டி முறுக்கிக்கொண்டு ஓடும்.

இந்தக் கைவேலைக்குக் கொடுக்கும் காசு எனக்கு வீணாகத் தெரியவில்லை. இவர்கள் கடையை மூடிவிட்டால் பழைய வண்டிகள் பலவும் காயலான் கடைக்குத்தான் போகும்.

கையில் பணம் குறைவா? ராடு நன்றாக இருந்தால் பழையதையே பிரித்துச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் அதே நீளத்தில் அலங்காரமில்லாத புது ஜோடி வாங்குங்கள். உண்மையிலேயே வாயு அடைத்த ஷாக்கை மட்டும் எந்தப் பட்டறையிலும் அறுக்கவோ துளைக்கவோ விடாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும்.