வாய்க்கால் புறப்படும் காடு

அன்று காலை அப்பத்தா வெற்றிலைப் பையோடு ஒரு சின்னச் செம்பையும் மடியில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எனக்குப் பத்து வயது. அதுவரை கோடை விடுமுறை என்றால் சித்திரைத் திருவிழா, அழகர் ஆற்றில் இறங்கும்போது அப்பாவின் தோள், பிறகு மேலூருக்கு அப்பால் அப்பத்தா வீடு. அந்த வருஷம் தங்கச்சிக்கு யானை பார்க்க வேண்டும். கோயில் யானை வேண்டாம், சங்கிலி கட்டாத யானை. அப்பா தேக்கடிக்குப் போகலாம் என்றார்.

இருட்டோடு பஸ் ஏறினோம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் விடிந்தது. அதுவரை பொட்டல், கருவேல மரம், வெடித்துக் கிடந்த கண்மாய். தேனியைத் தாண்டிச் சின்னமனூர் வந்ததும் தென்னையும் வாழையும், கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலும் ஆரம்பித்தன. தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. குமுளி எல்லை வரை மதுரை மாவட்டம்தான். ஒரே மாவட்டம், ஒரே வெயில், இங்கே மட்டும் எப்படிப் பச்சை என்று கேட்டேன். "மேல வந்து பாரு" என்றார் அப்பா.

லோயர் கேம்ப்பில் பஸ் நின்றபோது அப்பா கையை நீட்டினார். மலைச்சரிவில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வந்தன. மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள், குழாயில் விழுந்து மின்சாரம் கொடுத்துவிட்டு அந்தத் தண்ணீர் வைகையில் சேர்கிறது என்று சொன்னார். பேரணையில் கால்வாயில் திரும்பி, கள்ளந்திரி வழியாக அப்பத்தா வயலுக்கு வருவதும் இதுதான்.

அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. குழாய்கள் மறையும் வரை ஜன்னல் கம்பியை விடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். கள்ளந்திரி வரைதான் இருபோகம். அதைத் தாண்டிய எங்கள் ஊருக்கு ஒரே போகம். அதிலும் அவள் வயல் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று ராத்திரியில் லாந்தரோடு போய்ப் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவள். தாது வருஷப் பஞ்சத்தை அவளுக்கு அவளுடைய அப்பத்தா சொல்லியிருந்தாள். 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் 1887இல் பொறியாளர் பென்னிகுயிக் அந்த அணையின் வேலையைத் தொடங்கினார். 1895இல் தண்ணீர் கிழக்கே திரும்பியது. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட தொழிலாளர்களின் கல்லறைகள் இன்றும் அணைப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கின்றன.

தேக்கடி வாசலில் 'புலிகள் காப்பகம்' என்ற பலகையைப் பார்த்ததும் தங்கச்சி என் கையைப் பிடித்தவள் படகுத்துறை வரை விடவில்லை.

அந்த அணை தேக்கிய தண்ணீர்தான் தேக்கடி ஏரி. அதில் முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை பட்ட மரங்கள். தண்ணீருக்கு நடுவே கறுத்த அடிமரங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காடு அது. தொண்ணூறு வருஷமாகியும் விழவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீர்க்காகமோ பாம்புத்தாராவோ சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் ஏரி வற்றியிருந்ததால் கரையோரம் புல் தலைகாட்டியிருந்தது. வளைவில் படகோட்டி இன்ஜினை நிறுத்தினார். ஐந்து யானைகள். நடுவில் தாயின் காலுக்குள் ஒரு குட்டி. படகில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. யானைகள் புல்லைப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதறி வாயில் போடும் சத்தம் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. பெரியது ஒன்று இறங்கி, துதிக்கை நிறைய அள்ளிக் குடித்தது.

"அது குடிச்ச மிச்சந்தான்யா நம்ம வயலுக்கு வருது" என்றாள் அப்பத்தா, என் காதோடு.

கரையேறியதும் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். கோடைமழை பெய்து இலைச்சருகு நனைந்திருந்தது. வெளியே மழை நின்று நேரமாகியும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. காலடியில் மண் பஞ்சுபோல் அமுங்கியது. பெய்த மழையை இந்த மண் பிடித்துவைத்துக்கொண்டு சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. அதனால்தான் மழை நின்ற பிறகும் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. பின்னாளில் பாடப்புத்தகத்தில் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்று படித்தபோது என் பாதம் அந்த மண்ணைத்தான் நினைத்தது. தங்கச்சி காலில் அட்டை ஏறி அவள் அலறியதும் அப்பத்தா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஒரு தொடு தொட்டாள். அட்டை சுருண்டு விழுந்தது.

திரும்பும் வழியில் ஓர் ஓடையருகே அவள் உட்கார்ந்தாள். முந்தானையில் முடிந்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் தண்ணீரில் இட்டாள். செம்பை முக்கி எடுத்து, வாயைத் துணியால் கட்டினாள். "தண்ணி நம்ம வீட்டுக்கு அதுவா வருதே ஆத்தா, எதுக்குச் சுமக்கிற?" என்றார் அப்பா. "வர்றது அதுபாட்டுக்கு வரட்டும். இது நான் போய்க் கூட்டிட்டு வர்றது" என்றாள்.

அந்தச் செம்பு மடியில் தளும்பாமல் மதுரை வந்து, ஊர் போய்ச் சேர்ந்தது. தண்ணீரை வயலின் வாய்மடையில் ஊற்றினாள். வாய்க்காலில் தண்ணீர் வரும் புரட்டாசிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

மதுரையிலிருந்து பிள்ளைகளோடு தேக்கடிக்குப் போகிறவர்கள் லோயர் கேம்ப்பில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். அந்த நான்கு குழாய்களைக் காட்டிவிட்டு, அப்புறம் யானை பார்க்க மேலே ஏறுங்கள்.