பொரிக்கும் முன்பே கழுவிய அறை

சித்தூர் மாவட்டம் பலமநேர் பக்கத்தில் உள்ள ஒரு சாக்கி மையத்துக்கு, அதாவது பட்டுப்புழுக் குஞ்சுகளை வளர்த்துத் தரும் இடத்துக்கு, போயிருந்தேன். வாசலிலேயே விசாரணை தொடங்கிவிட்டது. “காலையில தக்காளித் தோட்டத்துப் பக்கம் போனீங்களா சார்? புகையிலை, பீடி பழக்கம் உண்டா?” தக்காளிக்கு அடித்த மருந்து சட்டையில் ஒட்டியிருந்தாலும், விரலில் புகையிலை வாசம் இருந்தாலும் இளம் பட்டுப்புழு தாங்காது. தக்காளியும் மாவும் மருந்து குடித்து வளரும் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை அதிகப்படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செருப்பைக் கழற்றி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் கால் நனைத்து, கை கழுவி, உள்ளே போடும் தனிச் செருப்புக்கு மாறினேன். இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவதைத் திறக்கக் கூடாது. ஜன்னல் எல்லாம் நைலான் வலை. புழுவின் மேல் முட்டையிடும் ஊசி ஈ நுழையாமல் இருக்கத்தான்.

முட்டை பொரிந்தது முதல் இரண்டாவது தோலுரிப்பு வரை ஒரு வாரத்துக்குச் சற்று மேல் இங்கே வளர்த்து, பிறகு விவசாயியிடம் கொடுக்கிறார்கள். நூறு முட்டைத் தொகுதி என்றால் சுமார் 50,000 புழு. அறைக்குள் 27, 28 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம். சிக்கலே இதில்தான். குஞ்சுப் புழுவுக்குச் சுகமான இந்தப் புழுக்கம் பூஞ்சைக்கும் சுகம். புழுவை வெள்ளையாக விறைக்க வைக்கும் சுண்ணாம்புக்கட்டி நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று இத்தாலியின் அகொஸ்தினோ பாசி 1835-இல் காட்டினார். நுண்ணுயிரால் ஒரு பிராணிக்கு நோய் வரும் என்று முதலில் நிரூபணமானது பட்டுப்புழுவில்தான். இங்கே தோலுரிக்கும் நேரத்தில் தீவனத்தை நிறுத்தி, படுக்கை மேல் நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தூவி ஈரத்தை உறிஞ்ச விடுகிறார்கள்.

இலை நறுக்கும் பெண் படுக்கையைத் தொடுவதில்லை. கழிவு அள்ளுபவர் இலைப் பக்கம் வருவதில்லை. அந்தக் கழிவும் மல்பெரித் தோட்டத்துக்குப் போகாமல், தள்ளி வெட்டிய குழிக்குப் போகிறது.

இத்தனை கழுவியும் தடுக்க முடியாத நோய் ஒன்று உண்டு: பெப்ரைன். அது தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டைக்குள்ளேயே வந்துவிடும். முட்டையின் மேலோட்டை ஃபார்மலினில் கழுவலாம், உள்ளே இருப்பதை என்ன செய்வது? 1865-இல் பிரான்சின் அலேஸ் ஊருக்கு அனுப்பப்பட்ட லூயி பாஸ்டர் கண்ட வழிதான் இன்றும் வழி: முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய்வித்து தெரிந்தால் அதன் முட்டைகளை அழிப்பது. அதனால் ஒவ்வோர் அடுக்கிலும் முட்டை வந்த தேதி, லாட் எண் எழுதிய சீட்டு தொங்குகிறது. உரிமையாளர் புழுவைக் காட்டுமுன் எனக்குக் காட்டியது அந்தச் சீட்டைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒன்றுமே இல்லாத பக்கத்து அறை. புழு போனதும் தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கரைத்த நீரைச் சுவர், கூரை, தரை எல்லாம் சொட்டச் சொட்ட அடித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். “காலி அறை காசு தராது, ஆனா அடுத்த லாட்டைக் காப்பாத்தும்” என்றார் உரிமையாளர். பல மையங்கள் சறுக்குவது இந்த இடைவெளியைக் குறைக்கும்போதுதான் என்பது என் கணிப்பு. ஆர்டர் குவியும் மாதத்தில் அறை காயும்வரை பொறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

விவசாயிகள் பக்கமும் தவறு இருக்கிறது. போன முறை புழு வளர்த்த தட்டைக் கழுவாமல் அப்படியே எடுத்துவந்து நீட்டுகிறவர்கள் உண்டு. இந்த மையம் அதை வாங்குவதில்லை; அதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டாம்.

கிருஷ்ணகிரி, வாணியம்பாடிப் பக்கம் பட்டு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாக்கி வாங்கப் போனால் விலைக்கு முன் முட்டையின் லாட் எண்ணைக் கேளுங்கள். காலி அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் வளர்ப்பு மனையைக் கழுவி மருந்தடித்து முடித்த பிறகே புழுவுக்குச் சொல்லி வையுங்கள்.