முதலில் உரிமத்தைப் பார்

திகாம் பத்துவிலிருந்து சுங்கைப்பட்டாணி கடைக்குக் கணினிப் பழுது பார்க்கக் கற்கப் போனேன். முதலாளி அண்ணன் முதலில் சொல்லிக்கொடுத்தது, வன்பொருளை இயக்கும் டிரைவரின் விவரங்களைக் காட்டும் ‘மாட்இன்ஃபோ’ என்ற லினக்ஸ் கட்டளையை. “டிரைவரோட லைசென்ஸ் என்னன்னு பாரு தம்பி. மத்தத அப்புறம் பேசலாம்.”

தோட்டத்து வீடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் கைமாறிய பழைய மடிக்கணினிகள். புது விண்டோஸைத் தாங்காது. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். வம்பு வைஃபையில்தான். லினக்ஸின் மையமான கெர்னலைப் புதுப்பித்த மறுநாளே இணையம் போய்விட்டது என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

காரணம் உரிமத்தில் இருந்தது. லினக்ஸ் கெர்னல் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது: யாரும் எடுத்து மாற்றலாம், ஆனால் மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். டிரைவரின் நிரல் கெர்னலுக்குள்ளேயே இருந்தால், உள்ளமைப்பை மாற்றுபவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். மூலநிரல் தராத மூடிய டிரைவரை அப்படித் தொட முடியாது. நிறுவனம் கைவிட்டால், நல்ல சில்லும் வீண்தான்.

மூடிய டிரைவரை ஏற்றினால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். சில செயற்கூறுகளை ஜிபிஎல் என்று அறிவித்த டிரைவருக்கு மட்டுமே தரும். 2004இல் லினக்ஸண்ட் நிறுவனத்தின் மோடம் டிரைவர், உரிம வரியில் ‘ஜிபிஎல்’ என்பதை அடுத்து ஒரு பூஜ்ய எழுத்தை வைத்திருந்தது. சி மொழியில் சரம் அங்கே முடிந்துவிடும். மிச்ச வரியைக் கெர்னல் படிக்காமல், அதை ஜிபிஎல் டிரைவராகவே எடுத்துக்கொண்டது. திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கையைத் தவிர்க்கவே அப்படிச் செய்தோம் என்றது நிறுவனம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரின் கதைதான் என்னை மிகவும் பாதித்தது. உள்ளே லினக்ஸ் இருப்பது 2003இல் தெரியவர, கேட்டவர்களுக்கு மூலநிரல் கிடைத்தது. அதிலிருந்து ரௌட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி வளர்ந்தது. ஆனால் வைஃபை டிரைவர் மட்டும் மூடியே இருந்தது. அந்த ஒன்றுக்காக அந்த ரௌட்டர்களில் பழைய 2.4 கெர்னலையே பல வருஷம் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. கிராஃபிக்ஸ் சில்லு செய்யும் என்விடியாவும் 2022 மே மாதம்தான் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது. அதற்கு மேலே இயங்கும் பகுதி இன்னும் மூடியதே.

மகளுக்கு மடிக்கணினி வாங்க வரும் அப்பா விலையைக் கேட்பார். நான் வைஃபை சில்லைப் பார்ப்பேன். கெர்னலிலேயே டிரைவர் உள்ளதை, ரிங்கிட் கொஞ்சம் கூடினாலும், எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.