கிணற்றில் இறங்கிய பொறி

சென்ற கோடை விடுமுறையில் யாம் கரியமாணிக்கத்திலுள்ள எம் இல்லத்தில் தங்கியிருந்தபோது, வயற்கிணற்றுக் குழாயினின்றும் ஃபுட் வால்வு கழன்று ஆழத்தில் வீழ்ந்தது. இத்தகைய வேளைகளில் மூழ்கி எடுப்பவர் எம் சிறிய தந்தையார். முன்னாண்டு அவ்வாறு மூழ்கியபோது அவர் செவியிற் குருதி கசிந்தமையால், இனி அவர் கிணற்றில் இறங்கலாகாதென்று பாட்டியார் ஆணையிட்டிருந்தார். பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவியும், அடியில் இருள் சூழ்ந்திருந்தமையால் பயனில்லை.

பொறியியல் பயிலும் எம் தம்பி, பிளாஸ்டிக் குழாய்களால் ஒரு சட்டம் சமைத்து, மூன்று சிறு மோட்டார்களில் விசிறி பூட்டி உந்திகளாக்கி, காமிராவும் விளக்கும் பொருத்தினான். இரண்டு உந்திகள் இருபுறத்தும் நின்று முன்னே செலுத்துவன. மூன்றாவது கீழே அமிழ்த்துவது. இம்மூன்றாவதை வசதி கருதி வாற்புறத்தில் வைத்தான். மின்சாரம் பாய்ந்ததும் வால் தாழ்ந்தது, முகம் நிமிர்ந்தது, கிணற்றடியைக் காட்டவேண்டிய காமிரா வானத்தைக் காட்டிற்று. சிறிய தந்தையார் நகைத்து, "அம்மா, நானே இறங்கி எடுத்துவிடுகிறேன்" என்று மேலாடையைக் கழற்றலானார். பாட்டியார் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

தமிழ் பயிலும் எமக்கு அன்றுதான் ஓருண்மை விளங்கிற்று. கதவைக் கீலருகே தள்ளின் எளிதில் அசையாது. விளிம்பில் தள்ளின் விரைந்து சுழலும். அவ்வாறே, பொருளின் நடுவை விட்டு விலகித் தள்ளும் விசை அதனை நகர்த்துவதோடு சுழற்றவும் செய்யும். விலக்கம் மிகுந்தோறும் சுழற்சியும் மிகும். பிழைபட்ட இடத்தில் தீங்காகும் இக்குணமே உரிய இடத்தில் நன்மையாம். இருபுறத்து உந்திகள் நடுவினின்று ஒத்த தொலைவில் நிற்றலால், இரண்டும் ஒருங்கே தள்ளின் பொறி நேரே செல்லும். ஒன்றே தள்ளின் திரும்பும். எதிரெதிராகத் தள்ளின் நின்றவிடத்தே சுழலும். ஆயினும் பக்கவாட்டில் நகர அதற்கு இயலாது. அதன்பொருட்டே ஆழ்நீர்ப் பொறிகள் பலவற்றில் நான்கு உந்திகளை மூலைக்கொன்றாகச் சாய்த்து வைப்பர். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தாரின் ரோசப் 6000 என்னும் பொறி, 2010-ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை சென்றது. அங்கே உந்தி பிழைபடின், மூழ்கி எடுக்க எந்தச் சிறிய தந்தையார் உளர்?

தம்பி மூன்றாம் உந்தியைக் கழற்றிச் சட்டத்தின் நடுவிற் பூட்டினான். அதே மோட்டார், அதே விசை. பொறி சாயாது அமிழ்ந்தது. கற்களிடையே கிடந்த வால்வு திரையிற் புலனாயிற்று. அவன் வழி சொல்ல, யாம் பாதாளக்கரண்டியை இறக்கினோம். நான்காம் முறை அது பற்றிற்று. சிறிய தந்தையார் கயிற்றை வாங்கி இழுத்தார். பாட்டியார் யாதும் பேசாது, அவர் களைந்த மேலாடையை உதறி அவரிடமே தந்துவிட்டு, வீடு நோக்கி நடந்தார்.