விடை உண்டு என்ற நம்பிக்கை

கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாது. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார். புதிர் போடுபவருக்கு விடை தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறார். கேள்விக்கும் புதிருக்கும் உள்ள இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால், விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை யோசிக்கச் சொல்பவருக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. அந்தப் பொறுப்பைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் விடுகதையை நொடி என்றும் சொல்வார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து முற்றத்தில் பாய் விரித்ததும் ஆச்சிமார் நொடி போடுவார்கள், பிள்ளைகள் அவிழ்ப்பார்கள். இது நேற்று முளைத்த வழக்கமும் அன்று. தொல்காப்பியர் யாப்பின் வகைகளாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்பவற்றோடு பிசியையும் சேர்த்து ஏழாக எண்ணுகிறார். பிசி என்பது இன்றைய விடுகதையே. ஒப்புமையால் மறைத்துச் சொல்வது, தோன்றும் அடையாளங்களைச் சொல்லிப் பொருளை ஊகிக்க விடுவது என்று அதற்கு இரு வழிகளையும் அவர் காட்டுகிறார். நூலுக்கும் முதுசொல்லுக்கும் பக்கத்தில் விடுகதைக்கும் ஓர் இருக்கை கொடுத்த மரபு நம்முடையது.

எங்கள் தொழிலைப் பற்றி நானே கட்டிய நொடி ஒன்று: காலையில் வாசலில் எல்லாரும் தேடும் இராசா, மாலையில் கச்சான் விற்பவரின் கையில் சுருள். அவர் யார்? பத்திரிகைதான். இதில் பொய் எதுவும் இல்லை. எல்லா அடையாளமும் கேள்வியிலேயே இருக்கிறது. விடை தெரிந்தவுடன், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்டவர் தலையில் தட்டிக்கொள்ள வேண்டும். அப்படித் தட்டிக்கொள்ளாமல், இது எப்படிச் சரியாகும் என்று அவர் சண்டைக்கு வந்தால் குறை நொடியில் இருக்கிறது.

புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் ஓடத்தில் அக்கரை சேர்க்கும் கணக்கை அறியாத தமிழர் குறைவு. ஓடக்காரர் ஒருமுறைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். அவர் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். மேற்கே இதே கணக்கு ஓநாய், ஆடு, கோவா என்ற வடிவில், சார்லமேன் மன்னரின் அவையில் இருந்த அறிஞர் அல்குவினுடையது என்று கருதப்படும் ஒரு தொகுப்பில் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழைமை உடையது அது. இளைஞரின் புத்தியைத் தீட்டுவதற்கான கணக்குகள் என்பது அத்தொகுப்பின் தலைப்பின் பொருள்.

இக்கணக்கில் பலரும் தடுக்கி நிற்கும் இடம் ஒன்றே. அக்கரைக்குக் கொண்டுபோன ஆட்டை மீண்டும் இக்கரைக்கு ஏற்றிவர வேண்டும். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது முன்னேற்றம் ஆகாது என்று மனம் பிடிவாதம் பிடிக்கிறது. திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று கணக்கில் யாரும் சொல்லவில்லை. நாமே போட்டுக்கொண்ட விலங்கு அது. அதைக் கழற்றியதும் ஏழு பயணங்களில் காரியம் முடிந்துவிடும். நல்ல புதிர் நம் அறியாமையைக் காட்டிச் சிரிப்பதில்லை, நாம் அறியாமல் வைத்திருந்த ஓர் எண்ணத்தை எடுத்துக் கையில் தருகிறது.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த பத்திரிகை ஒன்றின் ஞாயிறு வாரவெளியீட்டில் புதிர்ப் பகுதி சில காலம் என் பொறுப்பில் இருந்தது. செய்தி ஆசிரியர்கள் அதைச் சிறுபிள்ளைகளின் வேலையாகவே கருதினார்கள். ஆனால், எங்கள் ஒப்புநோக்குநர் ஒருவர் ஒவ்வொரு புதிரையும் தாமே அவிழ்த்துப் பார்க்காமல் பக்கத்தை விடமாட்டார். வாசகர் ஒருவர் அனுப்பிய புதிர் ஒருமுறை அவரிடம் போனது. அதன் சாரம் இதுதான்.

கந்தையா, செல்லையா, பொன்னையா மூவரில் ஒருவர் மாம்பழத்தைத் தின்றுவிட்டார். "நான் தின்னவில்லை" என்கிறார் கந்தையா. "பொன்னையாதான் தின்றார்" என்கிறார் செல்லையா. "செல்லையா சொல்வது பொய்" என்கிறார் பொன்னையா. மூவரில் ஒருவர் மட்டுமே பொய் சொல்கிறார் என்றால் தின்றவர் யார்?

ஒப்புநோக்குநர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, இதிலை ரெண்டு பேர் அம்பிடுகினம். ஆரை நாங்கள் பிடிக்கிறது?" என்று கேட்டார். உண்மைதான். செல்லையா தின்றிருந்தால் செல்லையாவின் கூற்று மட்டும் பொய். பொன்னையா தின்றிருந்தால் பொன்னையாவின் கூற்று மட்டும் பொய். இரண்டுமே பொருந்துகின்றன. பிறகு அவரே பேனையை எடுத்து, "பொய்" என்பதை வெட்டி "உண்மை" என்று எழுதினார். ஒருவர் மட்டுமே உண்மை சொல்கிறார் என்றால் தின்றவர் கந்தையா ஒருவரே. வேறு எவரும் பொருந்தமாட்டார். ஒரே ஒரு சொல்லில் ஒரு வம்பு ஒரு புதிரானது. "சனம் ஒரு கிழமை மண்டையைப் போட்டு உடைக்கப் போகுது. நாங்கள் நேர்மையா இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த நேர்மை எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் பத்திரிகை உலகிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1990 செப்ரெம்பரில் அமெரிக்காவின் பரேட் சஞ்சிகையில் மரிலின் வொஸ் சவான்ற் தம் பத்தியில் ஒரு வாசகரின் கேள்விக்குப் பதில் எழுதினார். மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தெரிவு செய்கிறீர்கள். எதன் பின்னால் எது என்று அறிந்த நிகழ்ச்சி நடத்துநர் மற்ற இரண்டில் ஆடு உள்ள ஒன்றைத் திறந்து காட்டி, தெரிவை மாற்றுகிறீர்களா என்று கேட்கிறார். மாற்றுவது நல்லது என்றார் மரிலின். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, மாற்றாவிட்டால் மூன்றில் ஒன்று. அவருக்கு ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1,000 கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. பெரும்பாலானவை அவரைக் கண்டித்தன. அவர் சொன்னதோ சரி.

ஆனால், நடத்துநர் எப்போதும் ஒரு கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்ற விதி இருந்தால்தான் அந்த விடை நிற்கும். நீங்கள் காரைத் தெரிவு செய்திருக்கும்போது மட்டும் மாறச் சொல்லி ஆசை காட்டுபவராக நடத்துநர் இருந்தால் மாறியவர் ஏமாந்து போவார். அத்தகைய நிகழ்ச்சியை நடத்தியவரும், புதிருக்கே பெயர் கொடுத்தவருமான மொன்ரி ஹோலும் 1991இல் இதைச் சுட்டிக்காட்டினார். போடுபவர் எந்த விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பது தெரியாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரராலும் சரியாக அவிழ்க்க முடியாது.

சுடோக்குவுக்கும் இதே ஒழுக்கம் உண்டு. 81 கட்டங்களில் போடுபவர் சிலவற்றை மட்டும் நிரப்பித் தருகிறார். மீதிக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை எண்களைத் தந்தால் இது இயலும்? 17 என்று 2012இல் அயர்லாந்துக் கணிதவியலாளர் கரி மக்குவயரின் குழு கணினியின் துணையோடு நிறுவியது. 16 தந்தால் விடை ஒன்றாக இராது.

நேர்மையாகப் போட்ட புதிர், போட்டவரே எதிர்பாராத இடத்துக்கும் அவிழ்ப்பவரை அழைத்துச் செல்லும். 1914 டிசெம்பரில் இலண்டனின் ஸ்ராண்ட் சஞ்சிகையில் ஹென்றி டியூடெனியின் புதிர் ஒன்று வந்தது. ஒரு தெருவின் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக இலக்கம். ஒருவருடைய வீட்டுக்கு முன்னுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் பின்னுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் 288 வீடுகளில் 204ஆவது என்ற விடையைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்தார். அதை அவர் வாசித்துக் காட்டியபோது, அடுப்பில் மரக்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், அந்தத் தெருவுக்கு மட்டுமின்றி எந்த நீளத் தெருவுக்கும் பொருந்தும் விடைகள் அனைத்தையும் தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொன்னாராம். எட்டு வீட்டுத் தெருவில் ஆறாவது வீட்டுக்காரர் என்று வாசகர்கள் எளிதாகச் சரிபார்க்கலாம். முன்னாலும் 15, பின்னாலும் 15.

எங்கள் புதிர்ப் பகுதிக்கு வருகிறேன். விடைகள் தபாலட்டையில் வரும். முடிவுத் திகதிக்குள் வந்த சரியான விடைகளில் திருவுளச்சீட்டு எடுத்து, சிறு பரிசு ஒன்றை அனுப்புவோம். போர் வடக்கின் தபாலைத் திணறடித்த காலம் அது. அங்கிருந்து வரும் அட்டைகள் பல வாரங்கள் பிந்தியே வரும். ஒரே கையெழுத்தில் மூன்று அட்டைகள் எனக்கு நினைவிருக்கின்றன. முதலாவதன் முகவரி வலிகாமத்தில். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகு வந்த இரண்டாவதன் முகவரி தென்மராட்சியில். மூன்றாவது வன்னியிலிருந்து வந்தது. சாமான் சுற்றி வந்த தாளில் எங்கள் புதிரைக் கண்டதாக அதில் எழுதியிருந்தது. பரிசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "விடை சரியா என்பதை மட்டும் அறியத் தரவும்" என்றே கேட்டிருந்தார்.

விடை சரிதான். அதன் பின் "பிந்திக் கிடைத்த சரியான விடைகள்" என்று ஒரு சிறு பெட்டி போட்டு, பெயர்களையும் ஊர்களையும் அச்சிடத் தொடங்கினோம். நாங்கள் எண்ணியிராத வகையில் அதற்குப் பதில் வந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சிலர் எழுதினார்கள். இன்ன பெயரில் விடை எழுதியவர் எங்கள் மாமாவாக இருக்கலாம், அட்டை எந்தத் திகதியில் எழுதப்பட்டது என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு புதிரை அவிழ்த்தார் என்ற தகவல், அந்தத் திகதியில் அவர் உயிரோடு இருந்தார் என்ற தகவலாகவும் இருந்தது.

வீடு எங்கே என்று தெரியாத நிலையில் ஒருவர் கந்தையாவா பொன்னையாவா என்று ஏன் யோசிக்கிறார் என நான் பலமுறை நினைத்ததுண்டு. எனக்குக் கிடைத்த பதில் இது. அவரைச் சுற்றியிருந்த கேள்விகள் எதற்கும் விடை இருக்கவில்லை. இந்த ஒன்றுக்கு இருந்தது. அதை அறிந்த ஒருவர் எங்கோ ஒரு மேசையில் இருந்தார். கேட்டால் சொல்வார் என்ற நம்பிக்கையும் இருந்தது. தம் பிள்ளை எங்கே என்று 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரத்தில் அமர்ந்து கேட்ட தாய்மாருக்கு அந்த நம்பிக்கைகூடக் கிட்டவில்லை.

இன்று கைத்தொலைபேசியில் புதிர்களுக்குப் பஞ்சமில்லை. 2019இல் 8÷2(2+2) என்ற கணக்கு உலகம் முழுவதும் சுற்றியது. 16 என்றும் 1 என்றும் மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து ஏசிக்கொண்டார்கள். எழுதிய முறையிலேயே மயக்கம் வைத்த கணக்கு அது. அடைப்புக்குறி ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருந்தால் சண்டையே இல்லை. எங்கள் ஒப்புநோக்குநரின் மேசையை அது தாண்டியிராது. மறுபுறத்தில், நல்ல புதிர்களுக்கும் விடை ஒரு விரல் தட்டலில் கிடைத்துவிடுகிறது. ஒரு கிழமை காத்திருந்த காலத்தில் அந்தப் புதிர் சமையலறையிலும் பேருந்திலும் கோயில் வீதியிலும் எங்களோடு கூடவே வந்தது.

பேரப்பிள்ளைகளோடு இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு ஒரு நொடி போடுங்கள். அதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டா என்று முதலில் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை கெஞ்சினாலும் நாளை காலைவரை விடையைச் சொல்லாதீர்கள். காலையில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.