பெருவிரலின் வழக்கு

கையின் நான்கு விரல்கள் ஒரு பக்கம் நிற்க, பெருவிரல் ஒன்றே எதிர்ப்பக்கம் நின்று அவற்றின் வேலையை முடித்து வைக்கிறது. பேனாவைப் பிடிப்பதும், சாவியைத் திருகுவதும், இடுப்பில் கைலியை இறுக்கிச் செருகுவதும் அதன் தயவால் நடைபெறுங் காரியங்களே. நலமாயிருக்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. வலி வந்துவிட்டாலோ வேறெதையும் நினைக்க முடிவதில்லை.

நமது வலக்கைப் பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, வலி தொடங்கி 5 ஆண்டுகளாகின்றன. அவ்விடத்தில் டிரப்பீசியம் என்னும் சிறு எலும்பு ஒன்று உண்டு. சேணத்தின்மீது அமர்ந்தவனைப் போலப் பெருவிரலின் எலும்பு அதன்மீது அமர்ந்து பல பக்கமும் அசைகிறது. இடையேயுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். விரல் நுனியால் 1 கிலோ அளவு அழுத்திப் பிடிக்கும்போது அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ பாரம் விழுகிறதென்று 1977-இல் கூனி, சாவ் என்னும் ஆய்வாளர்கள் கணித்துரைத்தனர். நாற்பதாண்டுகள் பேரேடும் கட்டுரையும் எழுதிய கைக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

செய்யத்தக்கவற்றையெல்லாம் செய்து பார்த்தோம். விரலைத் தாங்கும் பட்டை அணிந்தோம், வெந்நீரில் கையை வைத்தோம், களிம்பு தடவினோம், கற்றுத்தந்த பயிற்சிகளைத் தவறாது செய்தோம், பேனாவில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொண்டோம். மூட்டினுள் போட்ட முதல் ஊசி 4 மாதம் சுகம் தந்தது. இரண்டாவது 6 வாரங்கூட நிலைக்கவில்லை.

எக்ஸ்ரே படத்தில் மூட்டின் இடைவெளி மறைந்தே போயிருந்தது. அதைக் கண்டு நாம் கலங்க, மருத்துவரோ அமைதியாகச் சொன்னார்: “இப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு வலியில்லாமல் இருப்பவர்களும் உண்டு, சிறிது தேய்ந்ததற்கே துடிப்பவர்களும் உண்டு. நான் படத்துக்கு வைத்தியம் செய்வதில்லை. இதில் அவசரமும் இல்லை. எப்போது வேண்டுமென்பதை நீங்கள்தாம் சொல்லவேண்டும்.”

தீர்ப்பு நம்மிடமே வந்து சேர்ந்தது.

தேய்ந்த அச்சிறு எலும்பை முழுதாக எடுத்துவிடும் சிகிச்சையை இங்கிலாந்தின் ஜெர்விஸ் 1949-இல் விவரித்தார். எலும்பை எடுத்த இடத்தில் முன்கைத் தசைநாணின் ஒரு கீற்றைக் கொண்டு கட்டி நிரப்பும் முறையை அமெரிக்காவின் பர்ட்டனும் பெல்லெக்ரினியும் 1986-இல் வெளியிட்டனர். எலும்பை மட்டும் எடுப்பதையும், தசைநாண் கொண்டு நிரப்புவதையும், கட்டி நிரப்புவதையும் 183 பெருவிரல்களில் ஒப்பிட்ட ஆங்கில ஆய்வொன்று 2004-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் பலனில் வேறுபாடு காணப்படவில்லை. எளிய முறையே போதுமென்பது நம் மருத்துவரின் கருத்தும்.

ஆயினும் எளிய முறைக்கும் விலை உண்டு. 4 முதல் 6 வாரம் கையைக் கட்டில் வைத்திருக்க வேண்டும். ஓரளவு வேலை செய்ய 3 மாதம் ஆகும். முழுப்பலன் தெரிய ஓராண்டும் ஆகலாம். விரல் சற்றுக் குறுகும். தோலில் மரமரப்பு நிற்கலாம். சிலருக்குக் கை வீங்கி, வலி நெடுநாள் நீடிப்பதும் உண்டு. எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க வழியில்லை. வலி தணியுமென்று எதிர்பார்க்கலாமேயன்றி, இளமைப் பிடி திரும்புமென்று எதிர்பார்க்கலாகாது.

இவற்றைவிடப் பெரிதாக நம்மைத் தடுத்தது வேறொன்று. நம் துணைவியார் முழங்கால் வலியால் நம் கையைப் பற்றியே எழுந்து நடப்பவர். அக்கை மூன்று மாதம் முடங்கினால் அவரைத் தாங்குவது யார்? “வாப்பா, இன்னும் எத்தனை நாள் பொறுப்பீங்க?” என்று மகன் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் இதனையே விடையாகச் சொல்லி வந்தோம்.

அதனைக் கேட்டிருந்த துணைவியார் ஒருநாள் சொன்னார்: “உங்க கையைப் பிடிச்சா உங்க முகம் சுருங்குது. அதனாலதான் ராத்திரியில உங்களை எழுப்பாம சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்.”

எவருக்காகச் சிகிச்சையைத் தள்ளி வந்தோமோ, அவரே இருளில் சுவரைத் தடவி நடந்திருக்கிறார்! தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டென்பதும், அதனைச் செலுத்தி வந்தவர் யாரென்பதும் அன்று தெளிந்தன. மே மாத விடுமுறையில் மகள் பிள்ளைகளுடன் வந்து தங்குவாள். அந்நாட்களிலேயே வலக்கைக்குச் சிகிச்சை என்று முடிவு செய்து மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டோம். அதற்குமுன் இடக்கையால் கையெழுத்திடப் பழகி வருகிறோம். எழுத்து கோணினாலும் பெயர் தெரிகிறது.

இம்முடிவு எல்லார்க்கும் பொருந்துமென்று சொல்லோம். பட்டையாலும் பயிற்சியாலும் காலந்தள்ள முடிந்தவர் தள்ளுவதே முறை. ஆனால், வலியைப் பொறுப்போர் தம் பங்கை மட்டுமே அறிவர். வீட்டிலுள்ளோர் சுமக்கும் பங்கு அவர் கண்ணுக்குப் படுவதில்லை. மருத்துவரிடம் பதில் சொல்லுமுன் அவர்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.